மறுக்கப்பட்ட கல்வி உதவியும் மேல்முறையீடும்



பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் செலவுக்குக் கேட்ட உதவிநிதி மறுக்கப்பட்டுவிட்டது. இப்படி ஒரு கடிதம் வந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்கிறார் தாயார். பிள்ளை தொழிற்சாலை வேலைக்கு மனுப் போடுகிறது. மேல்முறையீடு செய்ய வழி உண்டா, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று கேட்பவர் சிலரே.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுவோம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் அது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிவிட, ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தந்தைக்குக் காவலாளி வேலை. தாயார் ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறார். மகள் எஸ்.டி.பி.எம். தேறிப் பல்கலைக்கழகம் போனாள். அவள் கேட்ட உதவி, குடும்ப வருமானம் வரம்பை மீறியது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது.

தந்தையின் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆனால் அவசரத்தில் கையில் கிடைத்த சம்பளச் சீட்டை மனுவோடு வைத்திருக்கிறார்கள். அது தீபாவளி மாதத்துச் சீட்டு! மற்றவர்கள் விடுப்பில் போக, இவர் இரவும் பகலும் நின்று 2,900 வெள்ளி வாங்கிய மாதம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கு அந்த ஒரு தாள்தான் தெரியும். பன்னிரண்டு மாதமும் அதே வருமானம் என்றுதானே அவர் கணக்கிடுவார்?

முதலில் அவர்கள் எழுதிய மேல்முறையீடு மூன்று பக்கம். பாட்டனார் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட வரலாறு, தாயாரின் இடுப்பு வலி, எல்லாம் இருந்தது. சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவை பொய்யல்ல. ஆயினும் அதிகாரி கேட்ட கேள்விக்கு அவை பதிலாகா. நாம் அதை ஒரே பக்கமாக மலாய்மொழியில் மாற்றி எழுதச் சொன்னோம். மறுப்புக் கடிதத்தின் எண், தேதி, மறுத்த காரணம், அது எவ்வாறு பொருந்தாது என்பது, இணைத்த தாள்களின் விவரம். அவ்வளவே. ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், முதலாளி ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய இ.ஏ. பாரம், ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கை ஆகியவை சேர்க்கப்பட்டன. சராசரி 1,950 வெள்ளி என்பது அதிகாரி கண்ணுக்குத் தெரிந்தது. உதவியும் கிடைத்தது.

தினக்கூலிக்குப் புல் வெட்டுகிறவர்களுக்கும் கட்டட வேலை செய்கிறவர்களுக்கும் சம்பளச் சீட்டு ஏது? அவர்கள் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தில் யார் கையொப்பம் செல்லும் என்பதை அந்தந்த நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்ட வேலை நின்றுபோனவர்களுக்குச் சேமநிதிக் கணக்கே நல்ல சாட்சி. சந்தா எந்த மாதத்தோடு நின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கும். கட்சிப் பெரியவரின் சிபாரிசுக் கடிதத்துக்காக நான்கு வாரம் அலைகிறவர்களைப் பார்க்கிறோம். அந்த நான்கு வாரத்தில் தவணை முடிந்துவிடுகிறது.

பெயர்க் குழப்பம் நம்மவர்க்கே உரிய தொல்லை. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதம், அடையாளக் கார்டில் வேறுவிதம். தகப்பனும் மகளும் ஒரே குடும்பம்தானா என்ற ஐயம் எழுந்தால் மனு நின்றுவிடும். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் எழுதிய உறுதிமொழி ஒன்றை இணைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. இடம் வேறு, பணம் வேறு. கேட்ட படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்றால் முறையீடு யு.பி.யு. எனப்படும் அரசாங்க நுழைவுப் பிரிவுக்குப் போகவேண்டும். பணம் மறுக்கப்பட்டால், மறுத்த நிறுவனத்துக்கே போகவேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டு, இரண்டையும் இழந்தவர்கள் உண்டு.

மேல்முறையீட்டின் முடிவுக்குக் காத்திருக்கும்போது மற்ற கதவுகளையும் தட்டலாம். 1997இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் ஒன்று. 1984இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. மற்றொன்று. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டியதே. உபகாரச் சம்பளத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டி 1960இல் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கிவருகிறது. லயத்து வீட்டை விட்டு வரும்போது தாத்தா கொண்டுவந்த தகரப் பெட்டியில் அந்தச் சங்கத்தின் பங்குப் புத்தகம் கிடக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள், அவர் காலமாகியிருந்தால், பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று சங்கத்தில் விசாரியுங்கள்.