சிறைத் தோழரை மறந்துவிடாதீர்கள்!

(ஜமாஅத் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நபி யூசுஃப் (அலை) அவர்கள் செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்தார்கள். உடனிருந்த இரு கைதிகள் தாங்கள் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்டு வந்தார்கள். அவர்களைத் தோழர்களாகவே பாவித்து, முதலில் ஏகத்துவத்தை எடுத்துச் சொன்னார்கள். பிறகே கனவுக்கு விளக்கம் தந்தார்கள். கைதிக்குக் கைதி ஆசானாக முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இது அந்தக் காலத்தோடு முடிந்துவிட்ட விஷயமல்ல. 1946இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், திருட்டுக் குற்றத்துக்காக 20 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் சார்லஸ்டவுன் சிறைக்குப் போனார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மதத்தை அவர் ஏசிய ஏச்சைக் கேட்டு, சக கைதிகளே அவருக்குச் 'சாத்தான்' என்று பெயர் வைத்தார்கள்.

அவரை முதலில் புத்தகத்தின் பக்கம் திருப்பியது யார்? சிறை அதிகாரியா? பாதிரியாரா? இல்லை. பெம்ப்ரி என்ற இன்னொரு கைதி! தானே படித்துத் தேர்ந்தவர். அறிவு இருக்கிறதே, அதைப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்டு, சிறை நூலகத்துக்கும் அஞ்சல் வழிப் படிப்புக்கும் அவரைத் தூண்டினார். வெளியிலிருந்து உடன்பிறந்தவர்கள் கடிதம் எழுதினார்கள். 1948இல் நார்ஃபோக் சிறைக்கு மாற்றப்பட்ட அந்த இளைஞர், அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதியே மொழி கற்றார். 1952இல் வெளியே வந்தார். 1964இல் ஹஜ் செய்து, நிற பேதமற்ற சகோதரத்துவத்தை அங்கே கண்டதாக உலகுக்குச் சொன்னார். அவர்தான் மால்கம் எக்ஸ்!

அதிகாரியின் அறிவுரை மேலிருந்து வருகிறது. தோழனின் சொல்லோ பக்கத்துப் பாயிலிருந்து வருகிறது. அதனால்தான் அது உள்ளத்தில் தைக்கிறது.

பிரிட்டனில் 1997இல் தொடங்கப்பட்ட ஷானன் அறக்கட்டளை இதையே முறைப்படுத்தியது. படிக்கத் தெரிந்த கைதி, தெரியாத கைதிக்கு நாளுக்கு 20 நிமிடம் சொல்லிக் கொடுக்கிறார். ஒருவருக்கு எழுத்து கிடைக்கிறது. மற்றவருக்கு, தானும் பயனுள்ள மனிதன் என்ற நம்பிக்கை கிடைக்கிறது.

சகோதரர்களே! விடுதலையாகிப் போன தோழரிடம் யூசுஃப் நபி கேட்டது ஒன்றே: மன்னரிடம் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது. வெளியே போனவர் மறந்துவிட்டார். நபியவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே கழித்தார்கள்.

உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிடுகிறார்கள். வெளியே இருக்கும் நாம் என்ன செய்கிறோம்? தண்டனை முடிந்து வந்தவருக்கு நம் கடையில் வேலை உண்டா? நம் தெருவில் வாடகைக்கு வீடு உண்டா? ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். பள்ளிவாசலைத் தாண்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, இது நியாயமா?

சிறை நூலகத்துக்குப் புத்தகம் கொடுங்கள். உள்ளே இருக்கும் உறவினருக்குக் கடிதம் எழுதுங்கள். திருந்தி வந்தவருக்கு வேலை கொடுங்கள். மறந்துபோன அந்தத் தோழராக நாம் ஆகிவிடக் கூடாது.

வல்ல அல்லாஹ் நமக்குத் துணை நிற்பானாக!