நோன்புக் கஞ்சிக்கு நாம் ஏன் நிதி திரட்டுகிறோம்?

(ரமலான் உணவு நிதிக்காகக் கோட்டூர்புரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உண்டியல் சுற்றி வருவதற்கு முன், காசு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ரமலானுக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி தருகிறது. அரிசி மட்டும் கஞ்சியாகிவிடாது. பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய், புதினா, சிலிண்டர் எல்லாமே ஜமாஅத் வசூலில்தான் நடக்கிறது. அசர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. யாரும் மதம் கேட்டு ஊற்றுவதில்லை.

இந்த அரிசிக்கும் வழக்குப் போட்டார்கள். 2020 ஊரடங்கில் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி தருவதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள், மனு தள்ளுபடியானது. தப்லீக் மாநாட்டைக் காட்டி ஒரு சமூகத்தையே நோயாகப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த ஆண்டு பள்ளிவாசலில் அடுப்பு எரியவில்லை. அரிசி பொட்டலமாக வீடுகளுக்குப் போனது.

"கடவுள் மறுப்பு பேசுகிற நாம் நோன்புக்கு ஏன் நிதி தர வேண்டும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நாம் நோன்புக்குத் தரவில்லை தம்பி, பசிக்குத் தருகிறோம். பகலெல்லாம் பட்டினி கிடப்பது அவரவர் நம்பிக்கை. மாலையிலும் பட்டினி என்றால் அது வறுமை.

திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறுகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. இந்துக்கள் மயிலாப்பூரில் சமைத்து, வண்டியில் கொண்டுவந்து, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நாளொன்றுக்குச் சுமார் 1,200 பேருக்குப் பரிமாறுகிறார்கள். சைவச் சாப்பாடுதான். அதில் குறை கண்டுபிடிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் சாப்பாட்டுக்குக் காசு தருகிறவர் பந்தியைப் பற்றியும் கேட்க வேண்டும். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி தந்தது, கடல்கடந்த தமிழரும் தந்தார்கள். எல்லாருடைய காசையும் வாங்கிவிட்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார் வ.வே.சு. அய்யர். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதைத்தான் எதிர்த்தார்கள். காசில் இல்லாத தீட்டு சோற்றில் எங்கிருந்து வந்தது? முஸ்லிம்களிடம் ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரே அண்டாவிலிருந்து வருகிற கஞ்சியை வரிசையாக உட்கார்ந்து குடிக்கிற அந்தக் காட்சி, தனிப்பந்தி இன்னும் ஒழியாத ஊரில் சாதாரணமானதல்ல.

நம் பட்டியலில் முஸ்லிம் குடும்பங்கள் மட்டும் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இன்னமும் பஸ் பிடித்து இந்தப் பக்கம்தான் வீட்டுவேலைக்கு வருகிறார்கள். மாநகரத்துக்கு அவர்கள் உழைப்பு வேண்டும், குடிசை வேண்டாம். அவர்களுக்கு வீட்டுரிமை கேட்கிற போராட்டத்தை இந்தப் பை ஈடுகட்டாது. அது தனியாக நடக்கும்.

பை கொடுக்கும்போது யாரும் போட்டோ எடுக்க வேண்டாம். வாங்குகிறவர் முகத்தைப் பதிவாகப் போடுகிறவருக்கு அடுத்த முறை பொறுப்பு கிடையாது. வரவு செலவுக் கணக்கை மட்டும் போடுவோம், பைசா விடாமல். பெரும்பாக்கம் வண்டிக்கு இரண்டு பேர் தேவை. வருகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள்.