சுவர்ப்பூ



ஆங்கிலத்தில் ‘வோல்பிளவர்’ என்றொரு சொல் உண்டு. பிரித்துப் பொருள் கொண்டால் சுவர்ப்பூ. ஒரு செடிக்கும் அதுவே பெயர். நாலு பேர் கூடுமிடத்தில் முன்வராது ஒதுங்கியிருக்கும் கூச்சமுள்ளவருக்கும் அதுவே பெயர். செடியைக் கண்டிராதவர், இலைமறைவில் தலைகவிழ்ந்து மலரும் ஏதோ ஒரு சிறு பூ என்றே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது.

கடுகு, கோவா, முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இச்செடி. ஆகையால் கடுகுப் பூவைப் போலவே இதற்கும் நான்கு இதழ்கள். நிறமோ பொன்மஞ்சள், செம்மஞ்சள், துருவேறிய இரும்பை ஒத்த செந்நிறம், மணமும் மிகுதி. இதன் தாயகம் கிரேக்க நாட்டைச் சார்ந்த பகுதி. இங்கிலாந்திற் குடியேறிய பின்னர், பாழடைந்த கோட்டைகளிலும் பழைய மதில்களிலும் இடம்பிடித்துக்கொண்டது. கற்களுக்கிடையே பூசிய சுண்ணாம்புச் சாந்து காலப்போக்கில் உதிர, அவ்வெடிப்பில் விழுந்த விதை முளைத்துவிடும். நீர் தேங்கும் நிலம் இதற்கு ஒவ்வாது. வறண்ட சுவரே உவப்பானது. பிற செடிகள் பிழைக்கமாட்டாத இடத்தில் வேரூன்றி, இளவேனிலில் பொன்னெனப் பூத்து நிற்கும் ஒன்றைக் கூச்சமுள்ளதென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அங்ஙனமாயின், இப்பெயர் மனிதர்மேல் ஏறியது எவ்வாறு? நடனசாலையினால் ஏறியது. அக்கால ஆங்கில நடனசாலையில், ஆட அழைக்கப்பெறாத பெண்கள் சுவரோரமாக இடப்பட்ட ஆசனங்களில் அமர்ந்திருப்பர். அவர்களைச் சுவர்ப்பூக்கள் என்று பிரேட் என்னும் இளங்கவிஞர் 1820இல், நாட்டுப்புற நடன விருந்தொன்றைப் பாடிய பாட்டிலே குறிப்பிட்டார். அப்பொழுது அவருக்குப் பதினெட்டு வயதளவே.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அந்நாளைய வழக்கின்படி ஒரு பெண் தானாக எழுந்து சென்று ஆடவனை ஆட அழைத்தல் ஆகாது. பிடிக்காத ஒருவன் அழைத்து, அவள் மறுத்துவிட்டாலோ, அன்றிரவு வேறெவருடனும் ஆடாதிருப்பதே முறையென்று கொள்ளப்பட்டது. ஆகவே, சுவரோரத்தில் இருந்தவள் கூச்சத்தினால்தான் அங்கிருந்தாள் என்று எப்படிச் சொல்வது? ஆடவர் தொகை குறைந்தாலும் அவளுக்கு அதே ஆசனந்தான்.

ஜேன் ஒஸ்ரின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அன்ட் பிரஜுடிஸ்’ நாவலில் இதனைக் காணலாம். ஆடவர் போதாமையால் எலிசபெத் இரண்டு ஆட்டங்களுக்கு எழாமல் இருக்க நேரிடுகிறது. அவளோடு ஆடும்படி நண்பன் தூண்டியும் டார்சி மறுக்கிறான். மறுத்த சொற்கள் அவள் காதிலும் விழுகின்றன. அவள் நாணி ஒடுங்கினாளா? இல்லை. அதனையே வேடிக்கைக் கதையாக்கித் தன் தோழியரிடம் உற்சாகத்தோடு சொல்லி மகிழ்கிறாள். அக்கதையில் அவளைவிடத் துணிவாகப் பேசும் இளம்பெண் இலள்.

ஆயினும் உலகம் ஆசனத்தைப் பார்த்தே குணத்தை முடிவு செய்தது. இருந்த இடத்தைக் குறித்த சொல், நாளடைவில் இயல்பைக் குறிப்பதாயிற்று. நம்மவர் எளிதில் மனம் வாடுபவரைத் தொட்டாற்சுருங்கி என்பர். அப்பெயர் பொருத்தமானதே; தொட்டவுடன் அச்செடி உண்மையாகவே இலை கூப்புகிறது. சுவர்ப்பூவோ எதைக் கண்டும் சுருங்குவதில்லை.

இன்று இச்சொல் பெண்களை மட்டும் சுட்டுவதன்று. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் ஷ்பொஸ்கி 1999இல் வெளியிட்ட நாவலொன்றின் தலைப்பிலேயே அது இடம்பெற்றது. கதைத்தலைவன் சார்லி பதினைந்து வயதுப் பையன். பிறர் கவனியாதவற்றையெல்லாம் கவனித்துக் கடிதங்களாக எழுதுபவன். நாவலாசிரியரே நெறிப்படுத்திய திரைப்படம் 2012இல் வெளிவந்தது. அதில் ஒரு பாடசாலை நடனம். சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த சார்லி, நடுவிலே ஆடிக்கொண்டிருக்கும் தன் நண்பர் இருவரையும் நோக்கி, அழைப்புக்குக் காத்திராமல், மெல்ல மெல்ல நகர்ந்து செல்கிறான்.