பண முதலா? குண முதலா?



சொந்தத் தொழிலில் ஒருவரை நிலைநிறுத்துவது பண முதலா, குண முதலா என்பது தலைப்பு. குண முதலே என்று பேச எனக்கு உத்தரவு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "சட்டியிலே இருந்தால்தான் அகப்பையிலே வரும்"னு ஒரே போடாப் போட்டாங்க. சரிதாம்மா, ஒத்துக்கறேன். ஆனா அகப்பை பிடிக்கத் தெரியாதவன் கையிலே சட்டியைக் கொடுத்தா என்ன ஆகும்? பாதி அடுப்பிலே, மீதி அவன் காலிலே! (சிரிப்பு)

முதலே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. காசில்லாமல் கடை திறக்க முடியாது. அந்த உண்மையை எதிரணிக்கு இனாமாவே கொடுத்துடறேன். ஆனால் நடுவர் அவர்களே, பணத்தைக் கடன் வாங்கலாம். மாமனாரிடம் வாங்கலாம், அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தும் வாங்கலாம். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் சொத்து ஜாமீன் இல்லாமலே சிறு தொழிலுக்கு வங்கியில் கடன் உண்டு. ஆனா, "சார், எனக்கு அஞ்சு வருஷத்துக்குப் பொறுமை கடன் கொடுங்க"ன்னு எந்த பாங்க்கிலே கேட்பீங்க? எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவை எல்லோருக்கும் தெரியும். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர். அதுக்கு முன்னாலே அவர் என்ன செய்தார்? ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, அதை வாங்குவதற்காக ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினவர் ஊரைச் சுற்றி வந்து பந்தா காட்டவில்லை. பிரித்துப் போட்டு, எந்தப் பாகம் என்ன வேலை செய்யுதுன்னு படித்தார். மேஜை துடைக்கக் கூச்சப்படாத குணமும், தெரியாததைத் தெரிந்துகொள்ளாமல் விடாத குணமும் எந்தக் கடையில் விலைக்கு வரும்?

எதிரணித் தலைவர், "கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனியோடு மோத முடியுமா?" என்று கேட்டார். 1970-ல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு குச்சி ஐஸ் தயாரிக்க ஆரம்பித்தார் ஆர்.ஜி.சந்திரமோகன். பெரிய கம்பெனிகள் நகரத்தைப் பிடித்து வைத்திருந்தன. அவர் கல்லூரி விடுதிகளைத் தேடிப் போனார். பெரியவங்க திரும்பிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போனார். அப்படி வளர்ந்ததுதான் அருண் ஐஸ்கிரீமும் ஹட்சன் நிறுவனமும். மோதாமல் இடம் தேடுகிற நிதானம் இருக்கே, அதுக்குப் பெயர் பணமா, குணமா?

இப்போ தாய்மார்கள் விஷயத்துக்கு வர்றேன். 1959, மும்பை. ஏழு பெண்கள். கையில் இருந்தது 80 ரூபாய், அதுவும் கடன். மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டாங்க. முதல் நாள் உற்பத்தி நாலு பாக்கெட். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடைக்குப் போய் நிற்பதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலை நின்றது. நம்ம ஆளா இருந்தா, "நேரம் சரியில்லை, ஜோசியரைப் பார்க்கணும்" என்பார். (சிரிப்பு) அந்தப் பெண்கள் அடுத்த வருஷம் என்ன செஞ்சாங்க? ஒரு கட்டில் வாங்கினாங்க, ஒரு அடுப்பு வாங்கினாங்க. கட்டில் மேலே அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழை வெளியே பெய்யட்டும், அப்பளம் உள்ளே காயும்! அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்றைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது வேலை. 80 ரூபாய் அன்றைக்கு எத்தனையோ பேர் கையில் இருந்தது ஐயா. கட்டிலுக்கு அடியில் அடுப்பை வைக்கத் தோன்றிய மனசு அந்த ஏழு பேரிடம் இருந்தது. (கைதட்டல்)

கோவை அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யக் கிளம்பினார். ஊர் சிரித்தது. மனைவி பிரிந்து போனார், பெற்ற தாயும் வீட்டை விட்டுப் போனார். இயந்திரத்தைச் செய்து முடிக்கும்வரை மனிதர் விடவில்லை. மனைவியும் திரும்பி வந்தார், 2016-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஊர் சிரிப்பைத் தாங்குகிற முதுகெலும்பை எந்தக் கடன் திட்டத்தில் வாங்குவது?

"இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை" என்பீர்கள். சரி, நம்ம தெருவுக்கு வாங்க. ஒரு டிபன் கடை. நாளைக்கு 3,000 ரூபாய் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறிக்கு 1,400. கேஸ் 300. ஆள் கூலி 600. வாடகையும் கரண்டும் 300. ஆக 2,600 போச்சு. மிச்சம் 400. ஆனா ராத்திரி கல்லாவைத் திறந்தா கண்ணுக்குத் தெரியறது எவ்வளவு? மூவாயிரம்! அந்த 2,600 மளிகைக்காரன் பணம், மாஸ்டர் பணம், வீட்டுக்காரர் பணம். 'இது என் பணம் இல்லை' என்று பூட்டி வைக்க ஒரு குணம் வேண்டும். அது இல்லாதவன் முதல் மாதமே புது பைக் வாங்குகிறான். இரண்டாம் மாதம் மளிகை பாக்கி. மூன்றாம் மாதம் தண்டல் கடன். நாலாம் மாதம், வீட்டில் மனைவி "வியாபாரம் எப்படிங்க?" என்று கேட்டால், "சூப்பரா போகுது" என்கிறான்.

நடுவர் அவர்களே, கடை அன்றைக்குத்தான் விழுகிறது. கணக்கு குறைந்த நாளில் இல்லை. கணக்கு குறைந்ததை வீட்டில் மறைத்த நாளில். அன்றே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து வழி தேடியிருக்கலாம். சின்ன இடத்துக்கு மாறியிருக்கலாம். சொல்லாததால் தண்டல் மேல் தண்டல் ஏறி, கடைசியில் அம்மாவின் சங்கிலி ஏலத்துக்குப் போகிறது. இவனுக்குக் குறைந்தது பணமா? இல்லை ஐயா. நஷ்டத்தை நஷ்டம் என்று வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் குறைந்தது.

எதிரணியினர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார்கள். 'பொருள் செயல்வகை' என்று அவர் ஓர் அதிகாரமே பாடியிருக்கிறாரே என்றார்கள். பாடினார், மறுக்கவில்லை. அது எத்தனையாவது அதிகாரம்? 76. அதற்கு முன்னால் 60 ஊக்கம் உடைமை, 61 மடி இன்மை, 62 ஆள்வினை உடைமை, 63 இடுக்கண் அழியாமை. ஊக்கம் வேண்டும், சோம்பல் கூடாது, முயற்சி வேண்டும், துன்பத்தில் கலங்கக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டன் பணத்துக்கு வருகிறான். நீங்கள் நாலு படியைத் தாண்டிக் குதித்து நேரே 76-க்குப் போனால் கால் உடையுமா, உடையாதா? (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை கடை வைக்கப் பணம் கேட்டால் திட்டாதீர்கள். உடனே தூக்கியும் கொடுக்காதீர்கள். மூன்று மாதம் அதே தொழிலில் இன்னொருவர் கடையில் வேலை செய்யச் சொல்லுங்கள். விடிகாலையில் தானாக எழுந்திருக்கிறானா? தினம் ராத்திரி கணக்கு எழுதுகிறானா? கோபமாய்ப் பேசும் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுகிறானா? தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்கிறானா? இந்த நாலும் இருந்தால் சங்கிலியைக் கழற்றிக் கொடுங்கள் தாயே, அது திரும்பி வரும். பெண் பிள்ளை கேட்டாலும் இதே சோதனைதான், அதுக்கு முன்னாலே, "உனக்கெதுக்கும்மா?"ன்னு மட்டும் கேட்காதீங்க!

தமிழிலே ஒரு சொல் இருக்கு, நாணயம். காசுக்கும் அதே பெயர், நேர்மைக்கும் அதே பெயர். முதல் நாணயத்தைத் தொலைத்தவனுக்கு இரண்டாவது நாணயம் மிச்சம் இருந்தால், மொத்த வியாபாரி நாளைக்கே சரக்கை நம்பிக் கொடுப்பான். அவன் மறுபடி கடை திறப்பான். இரண்டாவதைத் தொலைத்தவனுக்கு முதலாவது எத்தனை மூட்டை இருந்தாலும் போதாது. எனவே சொந்தத் தொழிலில் ஒருவரை நிலைநிறுத்துவது குண முதலே என்று நல்ல தீர்ப்பைத் தருமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.