சாவியைக் கேட்பவன் திருடன்



முன்பெல்லாம் வீட்டில் பணம் எங்கே இருக்கும்? டிரங்குப் பெட்டியில் இருக்கும். அரிசிப் பானைக்குள் இருக்கும். திருடன் வரவேண்டுமானால் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும். நாய் குரைக்கும். அக்கம்பக்கத்தார் விழித்துக்கொள்வார்கள்.

இன்று பணம் வங்கியில் இருக்கிறது. வங்கிக்குப் போகும் கதவோ செல்போனில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் யூபிஐ வந்தது. இப்போது டீக்கடையிலும் காய்கறி வண்டியிலும்கூட செல்போன் மூலம் பணம் கொடுக்க முடிகிறது. இது நல்ல வசதிதான். ஆனால் திருடனும் அதே செல்போன் வழியாக வருகிறான். அவன் வரும்போது நாய் குரைப்பதில்லை.

வங்கியின் பூட்டு உறுதியானது. அதை உடைப்பது கடினம். அதனால் திருடன் வீட்டுக்காரரிடமே சாவியைக் கேட்கிறான்.

சாவி எது? பணம் அனுப்பும்போது போடும் ரகசிய எண் ஒரு சாவி. அதற்குப் பின் எண் என்று பெயர். செல்போனுக்குச் செய்தியாக வரும் ஒருமுறை எண் இன்னொரு சாவி. அதுதான் ஓடிபி. ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணும் சாவிதான்.

ஓர் உதாரணம். ஒரு பெண் தையல் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் படிப்புக்காக 18,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். ஒருநாள் போன் வருகிறது.

"அம்மா, பேங்கிலிருந்து பேசுகிறோம். இன்று இரவோடு உங்கள் கணக்கு முடங்கிவிடும். இப்போது ஒரு எண் வரும். அதைச் சொல்லுங்கள். சரிசெய்து தருகிறோம்."

பேச்சில் மரியாதை இருக்கிறது. அவருடைய பெயரும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பயந்துபோய் எண்ணைச் சொல்லிவிடுகிறார். சில நிமிடங்களில் கணக்கு காலி. பூட்டு உடையவே இல்லை. சாவிதான் கைமாறியது.

இந்தத் திருடனுக்கு வேஷங்கள் பல.

"உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது. பின் எண்ணைப் போட்டால் கணக்கில் சேரும்" என்பான். இது பொய். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போட்டால் பணம் வெளியேதான் போகும்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும். போக்குவரத்து அபராதச் சீட்டு வரும். அதன் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடவே கூடாது. அது பத்திரிகையே இல்லை. செல்போனுக்குள் புகும் ஒரு ஆப். அதற்கு அனுமதி கொடுத்துவிட்டால் வரும் செய்திகளையெல்லாம் படித்து, ஓடிபியையும் திருடனுக்கு அனுப்பிவிடும்.

போலீஸ் உடையில் ஒருவன் வீடியோவில் வருவான். "உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். யாரிடமும் சொல்லாதே. பணம் அனுப்பு" என்று மிரட்டுவான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் இதை மக்களுக்குச் சொன்னார்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

போனில் பயமுறுத்தினால் போனை வைத்துவிட வேண்டும். அவசரப்படுத்தினாலும் அப்படியே. சந்தேகம் இருந்தால் வங்கிக்கு நேரில் போகலாம். பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்கும் பேசலாம். இணையத்தில் தேடி எடுக்கும் எண் போலியாக இருக்கக்கூடும்.

செல்போனுக்குத் திரைப் பூட்டு போட வேண்டும். செல்போனில் உள்ள ஆப் கடையிலிருந்து மட்டுமே ஆப் இறக்க வேண்டும். 'அப்டேட்' கேட்டால், செல்போனின் அமைப்புப் பகுதிக்குப் போய்ச் செய்ய வேண்டும். வீட்டுக் கூரையில் ஓட்டை அடைப்பது போன்றது அது.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஏமாந்துவிட்டால்?

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். நாடு முழுவதற்கும் இது ஒரே எண். வங்கிக்கும் சொல்ல வேண்டும். திருடன் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். புகார் சீக்கிரம் போனால், கணக்கில் மீதமிருக்கும் பணத்தையாவது வங்கிகள் நிறுத்திவைக்க முடியும். அவன் பணத்தை எடுத்துவிட்டால் மீட்பது கடினம். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

ஆனால் அந்தத் தையல்காரப் பெண் என்ன செய்வார்? "கணவர் திட்டுவாரே, மகள் என்ன நினைப்பாள்" என்று இரண்டு நாள் மறைப்பார். அந்த இரண்டு நாளும் திருடனுக்கு லாபம். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட ஏமாந்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடன்தான். வீட்டில் ஒருவர் ஏமாந்துபோய் வந்து நின்றால் திட்டாதீர்கள். முதலில் போனை எடுத்து 1930க்குப் பேசுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். காலண்டருக்குப் பக்கத்தில், உங்கள் கையாலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்:

எண்ணைக் கேட்டால் சொல்லாதே.
ஏமாந்துவிட்டால் மறைக்காதே.
1930.

எழுதியதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.