பிறந்த நாளும் பாட்டன் ஊரும்



இளையரசனேந்தலைச் சூழ்ந்த கரிசல் மண் வானத்தை நம்பிய மண். மழை பொய்த்த காலங்களில் நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தோர் பலர். அப்பயணத்தின் கொடுமையைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் மருதியின் வாழ்வாகத் தீட்டினார். ஆயினும், சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் எந்நாட்டார் என்னும் வினாவைக் கதையாசிரியர்களினும் வழக்கறிஞர்களே மிகுதியாக எதிர்கொண்டனர்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை அம்மண்ணில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குச் சான்று ஏது? (‘லயம்’ என்றதும் கவிஞர்க்கு இசை நினைவு எழும்; தோட்டத்திலோ அது நெருக்கமான சிற்றறைகளின் வரிசை.) மறு ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர், ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வாக்காளர் பட்டியலில் தம் பெயர் சேர்க்கப்படாமை குறித்துக் கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தனர். வகுக்கப்பட்டோரை எவரும் கேட்கவில்லை.

1983 வன்செயலுக்குப் பின் படகேறி வந்தோருள் இம்மலையகத் தமிழரும் இருந்தனர். பாட்டனின் நாட்டுக்கே மீண்டும், உரிய ஆவணமின்றி வந்தமையால் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ எனப்பட்டனர். 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், இப்பெயர் பெற்றோர்க்குப் பதிவின் வழியாகக் குடியுரிமை பெறும் வாயிலை அடைத்தது.

அவ்வாயிலைத் தட்டியவர்கள் வழக்கறிஞர்களே. முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில், 2019 ஜூனில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்தம் விண்ணப்பங்களை மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவுசெய்யப் பணித்தது. அது குடியுரிமை அன்று. கேட்கும் உரிமை மட்டுமே. முப்பத்தைந்து ஆண்டு முகாம் வாழ்வுக்குப் பின் அதுவும் சிறிதன்று.

2022இல் வேறொரு வழக்கு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்தது. அவர் சார்பில் எடுத்துக்காட்டப்பட்டது ஒரு தேதி. 26.1.1950 முதல் 1.7.1987க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியர் என்பது சட்டம். கடவுச்சீட்டு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார்.

அதே முகாமில் அந்தத் தேதிக்குப் பின் பிறந்த தம்பிக்கு இவ்வழி இல்லை. அவன் பிறந்தபோது பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகராய் இருந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவனுக்காக வழக்காடுவோர் இன்று தேடுவது, தோட்டத்துத் துண்டுச்சீட்டு எதிலேனும் எழுதப்பட்டிருக்கக்கூடிய பாட்டனின் ஊர்ப்பெயரை.