ஏறுகிறவருக்கு வழி



மதுரையிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாக வருகிறவர்கள் தென்காசி நகருக்குள் நுழையும் முன் குத்துக்கல்வலசையைக் கடப்பார்கள். எங்களுடைய இந்த ஊர் வழியே இரவும் பகலும் லாரிகள் போகின்றன. சிமெண்ட், அரிசி, வைக்கோல், எம்-சாண்ட் என்று கேரளத்துக்குப் போக வேண்டிய சரக்கு. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிய வண்டிகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ள, எல்லாம் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு கணவாயில் ஏறுகின்றன. அந்த மலைச்சாலையில் லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை ஒரு கலை. அதன் சிறப்பையும், அது எங்கே குறைகிறது என்பதையும் இன்று பார்க்கலாம்.

புளியரைக்கு மேலே எஸ் வளைவு என்று ஓர் இடம் உண்டு. நீளமான லாரி அங்கே திரும்புவதற்குத் தன் பாதிச் சாலை போதாது. எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். மேலிருந்து இறங்குகிற நல்ல ஓட்டுநர், கீழே ஏறிவரும் வண்டியின் வெளிச்சம் தெரிந்ததுமே அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, விளக்கை டிம் செய்துவிடுவார். ஏறுகிறவர் வளைவைத் திருப்பி முடித்து, ஒரு கையை உயர்த்திவிட்டுப் போவார். அவசரக்காரர் ஒருவர் இடையில் மூக்கை நுழைத்தால் போதும். இரண்டு வண்டியும் அசைய முடியாமல் நின்று, பின்னால் வருகிற பேருந்தும் ஆம்புலன்சும் சேர்ந்து நிற்கும்.

மலைச்சாலையில் இரண்டு வண்டிக்கு இடம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே எழுதப்பட்டது. 2017-இல் வந்த புதிய ஒழுங்குமுறையும் இதைத் தொடர்கிறது. காரணம் எளிது. பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. கிளட்ச் கருகும், வண்டி பின்னால் உருளும், கிளீனர் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். இறங்குகிறவருக்கோ பிரேக்கை விட்டாலே வண்டி நகர்ந்துவிடும். நின்று கிளம்புவது யாருக்கு எளிதோ அவர் நிற்கட்டும் என்பது நியாயம்தானே?

ஆனால் இறங்குகிறவர் நிற்க வேண்டுமானால், நிற்கக்கூடிய வேகத்தில் இறங்கி வந்திருக்க வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர் எஞ்சினின் பிடிப்பை இழந்து, பிரேக்கை மிதித்தபடியே வருவார். தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக் வேண்டிய நேரத்தில் பிடிக்காது. அவர் மனத்தில் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் எதிரே வருகிறவருக்கு அவரால் வழிவிட முடியாது. ஆகவே சாலையில் காட்டும் மரியாதையைத் தொழில்திறமையிலிருந்து பிரிக்க முடியாது என்பேன். வண்டியைக் கையில் வைத்திருப்பவர்தான் விட்டுக்கொடுக்க முடியும்.

அடுத்து, பின்னால் வருகிறவருக்குச் சொல்லும் செய்தி. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. உயரமான கேபினில் இருப்பவருக்குத் தெரியும். முன்னால் சாலை காலியாக இருந்தால் கையை நீட்டிப் போகச் சொல்வார். எதிரே வண்டி வந்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். இண்டிகேட்டரைப் போட்டு வழிகாட்டும் பழக்கமும் இருக்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. லாரிக்காரர் ‘முந்திப் போ’ என்று போடுவதைப் பின்னால் வருகிறவர் ‘வண்டி திரும்பப் போகிறது’ என்று எடுத்துக்கொள்ளலாம். இரவு மழையில் அந்தக் குழப்பம் உயிரை எடுக்கும்.

வண்டி பழுதாகி நின்றுவிட்டால், பின்னால் தூரத்திலிருந்தே கல்லும் மரக்கிளையும் வைத்து எச்சரிப்பார்கள். கடந்துபோகிற லாரி வேகம் குறைத்து, "என்னண்ணே, ஜாக்கி வேணுமா?" என்று கேட்கும். நாமக்கல் வண்டியா, கொல்லத்து வண்டியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இந்த நல்ல வழக்கத்துக்குள்ளேயே ஒரு பெரிய குறையும் உண்டு. பழுதைச் சரிசெய்ததும் சிலர் கல்லை நடுச்சாலையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இருட்டில் இருசக்கர வாகனத்தில் வருகிறவர் அதில் மோதி விழுகிறார். வைத்த கல்லை எடுத்து ஓரத்தில் போடுகிறவரே முழு ஓட்டுநர்.

வரப்போகிறவரை எச்சரிப்பது எவ்வளவு பெரிய செயல் என்பதை நம் பகுதி 2024 பிப்ரவரியில் கண்டது. கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு மலை இறங்கிய லாரி ஒன்று, புளியரை அருகே நள்ளிரவுக்குப் பிறகு சாலையிலிருந்து கவிழ்ந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு வந்த, அங்கேயே வசிக்கும் முதிய தம்பதி, ரயில் வரும் சத்தத்தையும் கேட்டார்கள். டார்ச் விளக்கை அடித்துக்கொண்டே தண்டவாளத்தில் ஓடி, ரயிலை நிறுத்தினார்கள். தமிழக முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டினார். அவர்கள் வண்டி ஓட்டுகிறவர்கள் அல்லர். ஆனாலும் இந்தச் சாலையின் தலையாய ஒழுக்கத்தை அவர்களைப் போல் காத்தவர் யார்?

மரியாதை குறைவதற்கு ஓட்டுநர் மட்டுமே பொறுப்பல்ல. பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. நெடுந்தூர லாரியில் இதை யார் பார்க்கிறார்கள்? காய்கறி விடிவதற்குள் சந்தை சேர வேண்டும், தாமதமானால் வாடகையில் பிடித்தம் என்று போனில் நெருக்கினால், தூங்காத கண்ணோடு இருப்பவர் எப்படி ஓரங்கட்டிக் காத்திருப்பார்? சரக்கு அனுப்புகிறவர் நேரம் கொடுக்க வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்லக் கூடாது. ஓட்டுநர் குளிக்கவும் கண்ணயரவும் சாலையோரத்தில் நல்ல இடம் வேண்டும்.

நமக்கும் பங்கு உண்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் சாரலில் நனைந்த சாலையில் கார்கள் குவிகின்றன. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் பாதயாத்திரை போகிறவர்களும் அதே கணவாயில் செல்கிறார்கள். ஏற்றத்தில் திணறும் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்காதீர்கள். அது பின்னால் உருண்டால் உங்கள் மேல்தான் வரும். இடைவெளி விட்டு நில்லுங்கள். எதிரே வருகிறவருக்கு விளக்கை டிம் செய்யுங்கள். உங்களுக்கு வழிவிட்டவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். சரக்கு ஏற்றி அனுப்பும் வியாபாரிகளே, அடுத்த லோடுக்கு நேரம் குறிக்கும்போது ஓட்டுநரின் தூக்கத்துக்கும் சேர்த்துக் குறியுங்கள்.